வரைதாளின் மேல் விளிம்பு

1986 டிசம்பர் 13, சனிக்கிழமை. மாதத்தின் இரண்டாம் சனி என்பதால் அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை. மற்றபடி மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் காலை எப்போதும் போலத்தான் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வந்ததும் அம்மா பித்தளைத் தவலையை நிரப்பினாள், பிறகு பக்கெட்டுகளை. நான் பால் பூத்துக்குப் போய்க் காலி பாட்டில்களைக் கொடுத்துவிட்டு நிறை பாட்டில்களை வாங்கி வந்தேன். அலுமினிய மூடிகளைக் கிழியாமல் கழற்றித் தம்பிக்கு எடுத்துவைத்தேன். அவன் அவற்றை நாணயம் என்று வைத்துக்கொள்வான். அப்பா குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, பூஜை அலமாரியின் முன் நின்றார். பேப்பர் படித்தார். இரண்டாம் காபி முடிந்ததும், சாப்பாட்டு மேஜையில் நான்கு மூலைக்கும் டம்ளர் வைத்து நான் விரித்திருந்த வரைதாளின் அருகில் வந்தார்.

"அச்சடிச்ச மாதிரின்னா இருக்கு" என்றார். "யாரு, அந்தத் தாராவிப் பையனா போட்டான்?"

"ஆமா."

"எண்ணெய்க் கையோட தொடாதீங்கோ" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் பேனாவை எடுத்து, தாளின் மேல் விளிம்பில், நட்டநடுவில், ஒரு மிளகு அளவுக்குப் பிள்ளையார் சுழி போட்டார். பேனாவை மூடினார். "நன்னா பண்ணுங்கோ" என்றார். நான் சரி என்றேன். பிறகு தலை பின்னிக்கொள்ளப் போனேன்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் வந்தது. இந்த ஒரு நாளுக்கு அது தேவைப்படவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் என்றால் கண்காட்சி. சோடா உப்பில் பொங்கும் எரிமலை, தெர்மோகோலில் அணைக்கட்டு, எலுமிச்சம்பழத்தில் எரிகிற குட்டி பல்பு. பக்கத்தில் நின்று மனப்பாடமாக ஒப்பிப்போம். போட்டி என்றால் பேச்சுப் போட்டி, அல்லது ஸ்லோகம். மூன்று பேர் சேர்ந்து ஒரு இயந்திரத்தைக் கட்டி, அது வேலை செய்கிறதா இல்லையா என்று எல்லார் முன்னாலும் பார்க்கிற போட்டி ஒன்று உண்டு என்று அந்த வருஷம் வரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

நகரின் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் அதை நடத்தினார்கள். கட்ட வேண்டியது ஒரு கிரேன். மூங்கில் பிளாச்சு, சணல் கயிறு, தையல் மெஷின் நூல் தீர்ந்த மரக்கட்டைகள், சைக்கிள் ஸ்போக். இவற்றைத் தவிர வேறொன்றும் கூடாது. முன்கூட்டியே வரைபடம் போட்டுக் கொண்டுவர வேண்டும்; அங்கே போய், வரைந்தபடியே கட்ட வேண்டும்; கட்டியது செங்கல் தூக்க வேண்டும். வரைபடத்துக்குப் பாதி மதிப்பெண், தூக்குவதற்குப் பாதி. தாளில் அணியின் எண் மட்டும்தான் இருக்கலாம். பெயர், பள்ளி, ஊர், மதம் எதையும் காட்டும் குறி கூடாது. பெரியவர்கள் கை படக் கூடாது. அப்படிப் படவில்லை என்று எங்கள் அறிவியல் டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

முதல் இடம் பிடிக்கிற அணியில் மூன்று பேருக்கும், பத்தாம் வகுப்பு முடிந்ததும், அந்தக் கல்லூரியோடு சேர்ந்த தொழிற்கல்விப் பிரிவில் மதிப்பெண் பார்க்காமல் இடம் தருவார்கள். எனக்கு அந்த இடம் வேண்டாம். நான் ஒன்பதாவதில் இருந்தேன், வீட்டில் காமர்ஸ் என்று முடிவாகியிருந்தது. எங்கள் அணியில் இன்னொருத்தி, என் வகுப்புதான், செம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், டாக்டராகப் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இடம் வேண்டியிருந்தது தாராவிக்காரனுக்கு. பத்தாவதில் இருந்தான். கணக்கில் வகுப்பில் முதல், மராத்தியில் கடைசி. மார்ச்சில் மராத்தி அவனைக் கீழே இழுத்துவிடும் என்று அவனுக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். அவனுடைய வாப்பாவுக்குத் தாராவியில் கைப்பை தைக்கிற பட்டறை. "இடம் கெடச்சா படி. கெடைக்கலன்னா இங்கன வந்து உக்காரு. ரெண்டும் கவுரவந்தான்" என்று சொல்லிவிட்டாராம். அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்த வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டான். பட்டறையில் வைத்தால் தாளில் பசை ஒட்டிவிடும் என்று கடைசிப் படத்தை எங்கள் வீட்டில் வைக்கக் கொடுத்திருந்தான். சுருட்டை அவிழ்த்தபோது ரெக்ஸின் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை அடித்தது. அம்மா ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

மாட்டுங்கா ஸ்டேஷனில் மூன்று பேரும் சந்தித்தோம். அவன் பிளாட்பார பெஞ்சில் தாளைப் பாதி விரித்துப் பார்த்தான். விரல் மேல் விளிம்பில் நின்றது.

"இது யாரு போட்டது?"

"அப்பா" என்றேன்.

செம்பூர்க்காரி எட்டிப் பார்த்தாள். "உங்கப்பா கை வைக்காத காகிதம் பம்பாய்ல ஏதாவது மிச்சம் இருக்கா? டேய், சுரண்டிடு. நம்பர் மட்டுந்தான் இருக்கணும்னு போட்டிருக்கான்."

அவனிடம் அரை பிளேடு இருந்தது. மை வழிந்தால் பிளேடால் மெதுவாகச் சுரண்டி, நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கிவிடுவான். இருந்த இடம் தெரியாது. பிளேடை ஜாமெட்ரி டப்பாவிலிருந்து எடுத்தான். என்னைப் பார்த்தான். திரும்ப உள்ளே வைத்துவிட்டான்.

"பெரிய மனுசன் சாமிய நெனச்சுப் போட்டது. அதுல போயி பிளேட வைக்கச் சொல்லுதியாக்கும்?"

"அப்ப கேட்டா?" என்றாள் அவள்.

"இது நம்பரும் இல்ல, பேரும் இல்ல. யாரு கேக்கப் போறா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. அப்பா எதை எழுதினாலும் முதலில் அதைத்தான் போடுவார். ரேஷன் சாமான் பட்டியலுக்குப் போடுவார், லீவ் லெட்டருக்குப் பென்சிலால் போட்டுவிட்டு அழிப்பார், எலெக்ட்ரிக் பில்லின் பின்பக்கம் கூட்டல் போடும்போதும் போடுவார். அது ஒரு குறி என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. காகிதத்தின் தலைப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டோம். விதிகளை ஆங்கிலத்தில் வாசித்து மற்ற இருவருக்கும் விளக்கியவள் நான்தான். வாசித்த எனக்கு உறைக்கவில்லை. போடாத வீட்டில் பிறந்தவனுக்கு உடனே தெரிந்தது. தெரிந்தும், மரியாதைக்காக விட்டுவிட்டான்.

கல்லூரிக் கூடம் உயரமாக இருந்தது. மேலே மூன்று பக்கமும் பார்வையாளர்களுக்கு மரப்படி வரிசை. ரயில் எஞ்சின் மாதிரி ஏதோ ஒன்றைப் பாதியாக வெட்டி உள்பாகம் தெரியும்படி ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். கிரீஸ் வாசனை. செம்பூர்க்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவன் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தான். "நல்லாருக்குல்லா?" என்றான்.

தாள்களை வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் மூங்கிலை அளந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது நடுவர்கள் மேஜை மேஜையாக வந்தார்கள். தலைமை நடுவர் வயதான மராத்திப் பேராசிரியர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். அவருடன் வந்த இளைய விரிவுரையாளர் தமிழர் என்பது எங்கள் தாளை அவர் பிடித்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. கட்டைவிரல் அந்த மேல் விளிம்பை மறைத்துக்கொண்டிருந்தது. பிறகு அவரே விரலை எடுத்தார்.

"எனக்கு இது என்னன்னு தெரியும்" என்று எங்களிடம் தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார். "தெரியறதுனாலதான் நான் கேட்க வேண்டியிருக்கு. இல்லேன்னா நான் உங்களுக்குச் சாதகமா இருந்தேன்னு ஆயிடும்." அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

பெரியவர் குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். "யே க்யா ஹை?"

தாராவிக்காரன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பேனா ஜாம் ஹோ கயா தா சார். நிப் சலாகே தேகா." பேனா அடைத்துக்கொண்டது, ஓடுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தேன் என்கிறான். எங்கள் வீட்டுப் பிள்ளையாரை ஒரு கிறுக்கலாக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

பெரியவர் அந்தச் சுழியைப் பார்த்தார், அவன் கையிலிருந்த மைக்கறையைப் பார்த்தார். "வேறு தாளில் பார்க்க வேண்டியதுதானே" என்று இந்தியில் கடிந்துகொண்டார். ஒன்றிரண்டு மதிப்பெண் போகும் என்றார். தாளைத் திருப்பப் போனார்.

அப்போது நான் பேசினேன். "நோ சார்" என்று ஆரம்பித்து, பள்ளியில் கற்றுத் தந்த நல்ல ஆங்கிலத்தில், முழு வாக்கியமாகச் சொன்னேன்: அதை எழுதியது இவன் இல்லை, என் அப்பா, கடவுளுக்காக எழுதியது.

ஏன் சொன்னேன் என்பதற்கு இத்தனை வருஷத்தில் பல காரணங்கள் சேர்த்திருக்கிறேன். அவன் பழியை ஏற்றுக்கொள்வது நியாயமில்லை என்று பட்டது. கடவுளுக்காக என்று சொன்னால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று நம்பினேன். எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிற பெண் என்று எனக்குப் பெயர் இருந்தது. அதுவும் ஒரு காரணம்.

பெரியவர் நிமிர்ந்தார். "உன் அப்பா இந்தத் தாளில் எழுதினாரா?"

"ஆமாம் சார். அது மட்டுந்தான் சார்."

அவர் கோபப்படவில்லை. டீச்சரின் கையெழுத்து இருந்த காகிதத்தைத் தேடி எடுத்தார், வாசித்தார், இளையவரிடம் காட்டினார். கிறுக்கல் என்றால் கவனக்குறைவு. பெரியவர்கள் யாருடைய பேனாவாவது பட்டதென்றால் விதிமீறல். ஒரு புள்ளி என்றாலும் அப்படித்தான். நீங்கள் கிரேனைக் கட்டலாம், செங்கல் தூக்கலாம், ஆனால் உங்களைப் பரிசு வரிசையில் சேர்க்க முடியாது என்று பொறுமையாக விளக்கிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

"உன் வாயில பிளாஸ்திரி ஒட்டிக் கூட்டிண்டு வந்திருக்கணும்" என்றாள் செம்பூர்க்காரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு பிளாச்சை எடுத்து நிறுத்தினான். "கயிறப் புடி" என்றான்.

"எதுக்கு? அதான் எல்லாம் போச்சே."

"கட்டாமப் போனா வாப்பா என்னன்னு கேப்பாவ. மேல வந்து உக்காந்திருக்காவ. புடி புள்ள."

அண்ணாந்து பார்த்தேன். மேல் வரிசையில் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு அவன் வாப்பா, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமையில் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அவருக்கு அடுத்த இடத்தில் என் அப்பா. எப்போது வந்தார், எப்படிப் பழக்கமானார்கள் என்று தெரியவில்லை. அப்பா எங்கள் மேஜையைச் சுட்டிக்காட்டி அவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் கிரேன் அழகாக எழுந்தது. இன்னொரு அணியுடையது முதல் செங்கல்லிலேயே மண்டியிட்டது. வேறொன்றில் கயிறு கட்டையிலிருந்து நழுவிச் சுற்றிக்கொண்டது. அவன் வரைந்திருந்தபடி எங்கள் கட்டைகளின் விளிம்பில் ஸ்போக்கை வளைத்துத் தடுப்பு வைத்திருந்தோம். கயிறு நகரவே இல்லை. கொடுத்த செங்கல் அத்தனையும் மேலே போயின. கடைசிச் செங்கல் தரையை விட்டுக் கிளம்பியபோது கூடத்தில் கைதட்டல் எழுந்தது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரே ஒருவர் கைதட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று தட்டினார். பின்வரிசைக்காரர்களைத் திரும்பிப் பார்த்துத் தட்டினார். அது அப்பா. ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் கோயில் என்று இருந்த மனிதர். பொது இடத்தில் அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கிரேனுக்குக் கீழே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

பரிசு பெற்ற அணிகளின் எண்களை வாசித்தார்கள். எங்கள் எண் வரவில்லை. அப்பா படிகளில் இறங்கி, யாரும் தடுப்பதற்குள் நடுவர் மேஜைக்குப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஓடினோம். வாப்பா மெதுவாக வந்தார்.

"தேர் இஸ் சம் மிஸ்டேக், சார்" என்றார் அப்பா, ஆபீஸில் பேசுகிற குரலில்.

பெரியவர் தாளை எடுத்துக் காட்டினார். அப்பா முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. "ஓ, இதுவா? இது ஒண்ணும் இல்லை சார். எல்லாத்துலயும் போடுவோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் விதிகளின் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அப்பா வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். "இப்பவே அழிச்சுடறேன் சார்" என்று விரலை நாக்கில் வைத்து எச்சில் தொட்டு, தான் போட்ட பிள்ளையார் சுழியைத் தேய்த்தார். பூஜை அலமாரிக்கு முன்னால் ஈரத்தலையோடு நிற்கிற அதே மனிதர். ஆபீஸ் மை கரைந்தது. நீலமாக இழுபட்டு, வரைந்திருந்த கிரேனின் கொம்பு வரை வந்தது. "ப்ளீஸ்" என்று பெரியவர் தாளை அவர் கையிலிருந்து மெதுவாக உருவினார். மைபட்ட விரலை அப்பா எங்கே துடைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்டேஷன் வரை நடந்தோம். தாராவிக்காரன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வாப்பா அப்பாவிடம் சொன்னார்: "விடுங்க சார். நல்லதுக்குத்தான எழுதுனிய. கெட்டது நெனச்சா எழுதுனிய?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன இப்போ, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

முன்னால் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் என்பது எனக்கு இருந்தது. செம்பூர்க்காரிக்கு இருந்தது. அவன் பத்தாவது. அது அப்பாவுக்குத் தெரியாதா, மறந்துவிட்டாரா என்று நான் பின்னாளிலும் கேட்டதில்லை. மார்ச்சில் அவன் மராத்தியில் தேறத்தான் செய்தான்; ஆனால் தொழிற்கல்வியில் இடம் கேட்கிற அளவுக்கு இல்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, "பொய் சொல்லலையே நீ, அதுவே போறும்" என்றாள். அன்றைக்கு யாராவது என்னை ஒரு அறை அறைந்திருந்தால் சாப்பிட்டிருப்பேன். அப்பாவும் சாப்பிடவில்லை. பத்து தடவை கை கழுவினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் அப்பா முதலில் செய்தது, குளிக்காமல், காபி குடிக்காமல், பேண்ட் போட்டுக்கொண்டு என்னை எழுப்பியது. "கிளம்பு" என்றார். மாட்டுங்கா லேபர் கேம்ப் வழியாகத் தாராவிக்கு நடந்தோம். பட்டறையை விசாரித்துக் கண்டுபிடித்தோம். உள்ளே ஒரே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, அட்டை அளவை வைத்து ரெக்ஸினில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்தான். வாப்பா மெஷினை நிறுத்தி, ஒரு ஸ்டூலைத் துண்டால் தட்டிப் போட்டார்.

"வாங்க சார். உக்காருங்க. எலே, டீ சொல்லிட்டு வா."

அப்பா உட்காரவில்லை. வாப்பாவைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னார். "நான் பண்ணது தப்புடா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"இல்லை. நீ தினம் சாயங்காலம் நம்மாத்துக்கு வா. நானே உக்காந்து சொல்லித்தரேன். கணக்கு, சயன்ஸ், இங்கிலீஷ், எது வேணும்னாலும். மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கு. மார்க் வாங்கியே அந்த இடத்தைப் பிடிச்சுடலாம்."

அவன் வாப்பாவைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. பிறகு மிகவும் பணிவாகச் சொன்னான்: "அதெல்லாம் வருது சார். மராத்திதான் வரல."

அப்பா கல்யாணத்துக்கு முன்பே பம்பாய்க்கு வந்தவர். காய்காரியிடம் விலை கேட்கிற மராத்தி தெரியும்; கண்டக்டரிடம் இறங்க வேண்டும் என்று சொல்லத் தெரியும். பாடம் சொல்லித்தர அது போதாது. என்னைப் பார்த்தார். நான் மராத்தியை நெட்டுருப் போட்டுத் தேறுகிறவள் என்பது அவருக்கும் தெரியும். மெதுவாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வாப்பாதான் எங்களைக் கரையேற்றப் பார்த்தார். "டீல சாருக்குச் சீனி போதுமான்னு கேளுலே" என்றார்.

"போறும், போறும்" என்றார் அப்பா. டீ இன்னும் வந்திருக்கவில்லை.